முட்டியில் ‘டொப்’ என்று சத்தம், மூன்றாம் நாள் நடக்க முடிகிறது – ஜவ்வு கிழிந்திருக்குமா?

சின்லோன்பையன் – ஜூலை 22, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். வயது 24. தெய்ஞ்சி மார்க்கெட்டில் மசாலாக் கடையில் வேலை. மூட்டை தூக்குவதும் இறக்குவதும்தான் நாள் முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஆறு பேர் வட்டம் கட்டி சின்லோன் ஆடினோம், பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டுகிற பர்மிய ஆட்டம். நடுவில் நான். இடது காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, வலது குதிகாலால் பந்தைப் பின்பக்கமாக எடுக்கப் போனேன். ஊன்றிய பாதம் சிமெண்டு விரிசலில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம். எதிரே நின்றவனுக்கே கேட்டிருக்கிறது. யாரும் என்மேல் மோதவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்று இரவு தூக்கமே இல்லை. இப்போது வலி பாதியாகக் குறைந்திருக்கிறது, நொண்டி நொண்டி நடக்கிறேன். ஆனால் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கும்போது முட்டி என்னுடையது இல்லை என்பது போல நழுவுகிறது.

அம்மா நாளைக்குச் சுளுக்கு வழிக்கிற ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார். நடக்க முடிகிறது, அப்படியென்றால் ஜவ்வு கிழியவில்லை என்கிறார்கள். உண்மையா?

தட்டோன்காரர் – ஜூலை 22, இரவு 9.45

தம்பி, பயப்படாதீர்கள். எனக்கும் இளவயதில் கால்பந்து ஆடும்போது இப்படி ஆனது. எங்கள் ஊர்ப் பெரியவர் எண்ணெய் காய்ச்சி மூன்று நாள் நீவிவிட்டார், சரியாகிவிட்டது. சூடு ஒத்தடம் கொடுங்கள். வீக்கம் தானாக வடியும்.

இயன்முறை_சயாமா – ஜூலை 22, இரவு 10.20

தட்டோன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. தம்பி, நாளைக்கு யாரையும் முட்டியில் கை வைக்க விடாதீர்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பதினாறு வருடமாக இந்த ஊரில் இயன்முறை சிகிச்சையில், அதாவது பிசியோதெரபியில், முட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் என்னை உறுத்துகிறது. யாரும் மோதாமல், ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பியது. சத்தம் கேட்டது. ஒன்றரை மணி நேரத்தில் வீக்கம். சாதாரண சுளுக்கில் முட்டி இவ்வளவு வேகமாக வீங்காது. ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ரத்தம். விளையாட்டில் முட்டி முறுகி இப்படி ரத்தம் கட்டியவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவுக்கு முன் சிலுவை ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்திருக்கும். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கிற குருத்தெலும்பு மட்டும் கிழிந்தால் வீக்கம் மெதுவாக, மறுநாள்தான் தெரியும்.

நடக்க முடிகிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஜவ்வு நேராக நடப்பதற்குப் பெரிதாக வேண்டாம். தொடை எலும்புக்குக் கீழே காலெலும்பு முன்னால் நழுவாமல், உள்பக்கம் திருகிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. திரும்பும்போது, குதித்து இறங்கும்போது, படியில் இறங்கும்போதுதான் அது இல்லாதது தெரியும். நீங்கள் சொன்ன அந்த ‘என்னுடையது இல்லை’ என்ற உணர்வு அதுதான். முழுசாக அறுந்தவர்களும் மூன்று வாரத்தில் நன்றாக நடப்பார்கள். அதனால்தான் பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

இப்போதைக்கு: முதல் மூன்று நாள் சூடு வேண்டாம், நீவுதல் வேண்டாம். ஐஸ் வையுங்கள். கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜ் வேலை செய்யாவிட்டால் மீன் மார்க்கெட்டில் விற்கிற கட்டி ஐஸ் போதும். உடைத்துத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. நேராகத் தோலில் வைக்காதீர்கள். துணிக் கட்டு மிதமாகப் போடுங்கள், படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்திவையுங்கள். ஆனால் முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மடங்கியபடியே இருந்து பழகிவிட்டால் பிறகு நீட்டுவதற்குள் உயிர் போய்விடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

சின்லோன்பையன் – ஜூலை 22, இரவு 10.50

நன்றி சயாமா. பாதம் சூடாகத்தான் இருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியுமா?

இயன்முறை_சயாமா – ஜூலை 22, இரவு 11.05

தெரியாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். ஆனாலும் எடுக்க வேண்டிய நேரம் உண்டு. அடிபட்ட பிறகு நாலு அடி எடுத்து வைக்க முடியாதவர், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாதவர், முட்டிச் சில்லிலோ வெளிப்பக்க எலும்பு முனையிலோ அழுத்தினால் வலிப்பவர், 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஆகியோருக்கு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு சின்ன விஷயம்: காலெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கமாக ஒரு சிறிய எலும்புச் செதில் பெயர்ந்திருப்பது சில எக்ஸ்ரேயில் தெரியும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் அது இருந்தால் ஏ.சி.எல். கிழிந்திருப்பது ஏறக்குறைய உறுதி. செகோண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1879-லேயே, எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, அதை எழுதிவைத்திருக்கிறார்.

மோல்மேன்_மாமா – ஜூலை 23, காலை 6.30

தம்பி, நான் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2011-ல் எனக்கு இதேதான். அப்போது வயது 38. எண்ணெய் போட்டு நீவினார்கள், நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் நடந்தேன். ஒரு வருடத்தில் மூன்று தடவை முட்டி மடங்கி விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் ‘கால் தடுக்கியது’ என்றுதான் நினைத்தேன். நாலாவது தடவை ஆற்றங்கரைப் படிக்கட்டில். அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு இருந்த இடமே காலி. உள்பக்க மெத்தை கந்தலாகியிருந்தது. இப்போது தேய்மானம். கோயிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்பா திதிக்குக்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்தேன். ஜவ்வு அறுந்ததைவிட, அதற்குப் பிறகு முட்டியை வழுக்கவிட்டதுதான் என்னைக் கெடுத்தது.

தட்டோன்காரர் – ஜூலை 23, காலை 8.15

மாமா எழுதியதைப் படித்தேன். என்னுடையது வெறும் சுளுக்காகத்தான் இருந்திருக்கும் போல. தம்பி, நான் சொன்னதை விடுங்கள். டாக்டரைப் பாருங்கள்.

கமாயுட்_டீச்சர் – ஜூலை 23, பகல் 1.00

எல்லா ஜவ்வும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். எனக்குக் கிழிந்தது உள்பக்க ஜவ்வு. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் வளைந்தது. அந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டாம். கத்தியே வேண்டாம் என்று சொல்லி, பக்கவாட்டில் கம்பி வைத்த பிரேஸ் ஆறு வாரம் போடச் சொன்னார்கள். கூடவே பயிற்சி. முழுசாகச் சேர்ந்துவிட்டது.

சின்லோன்பையன் – ஆகஸ்ட் 5, இரவு 8.30

இரண்டு வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும். 23-ம் தேதி டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, செதில் ஒன்றும் இல்லை. அன்று முட்டியைத் தொடவே விடவில்லை நான், தசையெல்லாம் விறைத்துக்கொண்டது. “இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, வீக்கம் வடிந்ததும் வா” என்றார். நேற்றுப் போனேன்.

படுக்கவைத்து, முட்டியைக் கொஞ்சமாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காலெலும்பை முன்னால் இழுத்தார். முதலில் நல்ல காலில் செய்தார். கொஞ்சம் வந்து, கயிறு இறுகியது போல ‘டக்’ என்று நின்றது. அப்புறம் இடது காலில். நிற்கவே இல்லை. மெத்தென்று வந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும்.

எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். கையால் பார்த்தே தெரிந்துவிட்டதென்றால் அந்தச் செலவு எதற்கு?

இயன்முறை_சயாமா – ஆகஸ்ட் 5, இரவு 9.40

அந்தச் சோதனைக்கு லாக்மன் என்று பெயர். 20, 30 டிகிரி மடக்கத்தில் செய்வது. பழகிய கைக்கு அது எம்.ஆர்.ஐ.க்கு இணையாகவே சொல்லும். வீங்கி வலிக்கிற முதல் சில நாளில் பலருக்குச் சரியாக வராது, தசை விறைத்துக் காத்துக்கொள்ளும். மறுபடி வரச் சொன்ன டாக்டர் நல்ல டாக்டர்.

எம்.ஆர்.ஐ. ஏ.சி.எல்.லுக்காக மட்டும் இல்லை. கூட வேறென்ன போயிருக்கிறது என்று பார்க்கத்தான். மெத்தை கிழிந்து நடுவில் புரண்டு கிடந்தால் அதைச் சீக்கிரம் தைக்க வேண்டியிருக்கும், அப்போது கணக்கே மாறிவிடும். அதனால் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் கேளுங்கள்.

சைக்கா_டிரைவர்_மகன் – ஆகஸ்ட் 6, காலை 7.20

ஆஸ்பத்திரிக்குச் சைக்காவில், அதாவது பக்கத்தில் சீட்டு வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில், போகிறவர்களுக்கு ஒன்று: பக்க சீட்டில் பின்னால் பார்த்து உட்காராதீர்கள், காலை மடக்கித் தொங்கவிட வேண்டியிருக்கும். முன்னால் பார்க்கிற சீட்டில் காலை நீட்டிவைத்து உட்காருங்கள். என் அப்பா இப்படித்தான் நோயாளிகளை ஏற்றுவார்.

சின்லோன்பையன் – ஆகஸ்ட் 12, மாலை 6.00

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏ.சி.எல். முழுக் கிழிசல். வெளிப்பக்க மெத்தையில் சின்னதாக ஒரு கிழிசல், இடம் மாறவில்லை. உடனே ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா? கடையில் ஒருவர் ‘ஒரு வாரத்துக்குள் செய்யாவிட்டால் ஒட்டாது’ என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் ‘கத்தியே வைக்காதே’ என்கிறார். எனக்கு 30 வீசை மூட்டை தூக்க வேண்டும், ஏறக்குறைய 49 கிலோ. சின்லோனும் ஆட வேண்டும்.

இயன்முறை_சயாமா – ஆகஸ்ட் 12, இரவு 10.10

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலில் அந்த ‘ஒட்டாது’ என்ற பேச்சு. கிழிந்த ஏ.சி.எல்.லைப் பெரும்பாலும் யாரும் ஒட்டுவதில்லை. உங்கள் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அந்த இடத்தில் புதிதாக நிறுத்துகிறார்கள். பின்தொடையிலிருந்து எடுக்கலாம், முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து எடுக்கலாம், முன்தொடைத் தசைநாணையும் எடுக்கலாம். அதனால் ஒரு வாரத்துக்குள் என்ற அவசரம் இல்லை. சொல்லப்போனால் வீங்கி விறைத்த முட்டியில் அவசரமாகக் கத்தி வைத்தால் பிறகு அது இறுகிப்போய் நீளாமல் நின்றுவிடும் ஆபத்து அதிகம். வீக்கம் வடிய வேண்டும், மற்றக் காலைப் போல முழுசாக நீள வேண்டும், தொடைத் தசை மறுபடி வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் மேசை.

அடுத்தது வேண்டுமா என்பது. ஸ்வீடனில் இளவயது, சுறுசுறுப்பான 121 பேரை இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளியானது. ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷனும் பயிற்சியும். மறு பாதிக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து முட்டியின் நிலையில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. மறு பாதியில் பத்துக்கு நாலு பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், ஐந்து வருடத்தில் அது பாதிப் பேரானது. அதாவது பாதிப் பேர் கத்தியே இல்லாமல் சமாளித்தார்கள். 2022-ல் பிரிட்டனில் 316 பேரை வைத்து வந்த ஆய்வு வேறு விதமான ஆட்களைப் பார்த்தது. அடிபட்டு நாளாகியும் முட்டி வழுக்கிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கு ஆபரேஷன்தான் மேல் என்று வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டு பாதையும் முதல் ஆறு, எட்டு வாரம் ஒரே பாதைதான். பயிற்சி. அதை ஒழுங்காகச் செய்தும் முட்டி வழுக்கினால் ஆபரேஷன். வழுக்காவிட்டால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் இடையில் வழுக்கவிடக் கூடாது. மோல்மேன் மாமா எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் மெத்தையில் ஏற்கெனவே சின்னக் கிழிசல் இருக்கிறது.

இன்றைக்கே தொடங்குங்கள். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கம் பாயைத் தொடும்படி தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். தொடையின் உள்பக்கம், முட்டிக்கு மேலே ஒரு தசை எழும்புகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எழும்பாவிட்டால் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், மூளைக்கு அது நினைவு வரும். அப்புறம் நேராகக் காலைத் தூக்குவது, குதிகாலை இழுத்து மடக்குவது. மூட்டை இப்போது தொடவே கூடாது. டீக்கடையின் அந்தக் குட்டி ஸ்டூலிலும் உட்காராதீர்கள், எழும்போது முட்டி திருகும்.

இன்செயின்_11 – ஆகஸ்ட் 13, இரவு 11.30

ஆபரேஷன் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கத்தி ஒரு நாள், பயிற்சி ஒரு வருடம். நான் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டேன். டாக்டர் நன்றாகச் செய்தார். பன்னிரண்டாம் நாள் திரும்பிவிட்டேன். இங்கே பயிற்சிக்கு ஆள் தேடவில்லை, காகிதத்தைப் பார்த்து நானே செய்தேன். ஐந்தாம் மாதம் வலியே இல்லை, ஓடினேன், மழையில் ஏழு பேர் கால்பந்தாட்டம். பந்தை எடுத்துத் திரும்பினேன். அதே சத்தம். புதிய ஜவ்வும் போய்விட்டது.

வலி இல்லை என்பதை நம்பி ஏமாந்தேன். எங்கே செய்தாலும் திரும்பி வந்தபின் கூட நிற்க ஒரு ஆளை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி.

பெகு_குடும்பம் – ஆகஸ்ட் 14, காலை 10.00

என் மனைவிக்கு வயது 52, ஒன்றும் அடிபடவில்லை, படியேறினால் முட்டி வலிக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

இயன்முறை_சயாமா – ஆகஸ்ட் 14, பகல் 12.15

பெகு அண்ணா, அது வேறு கதை, பெரும்பாலும் தேய்மானமாக இருக்கும். முதலில் நின்றபடி ஒரு எக்ஸ்ரே போதும். தனி இழை தொடங்குங்கள், பதில் எழுதுகிறேன்.

சின்லோன்பையன் – செப்டம்பர் 21, இரவு 9.00

ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தேன். முட்டி முழுசாக நீள்கிறது, வீக்கம் இல்லை. ஆனால் இந்த மாதம் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. ஒன்று மூன்றாம் மாடித் திருப்பத்தில். இன்னொன்று கடையில், பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், சட்டென்று திரும்பினேன். இரண்டாம் தடவை லேசாக வீங்கியது. டாக்டரும் நானும் அம்மாவும் பேசி முடிவு செய்துவிட்டோம். 28-ம் தேதி, ரங்கூனிலேயே. பின்தொடையிலிருந்து எடுக்கிறார்கள். மெத்தையையும் உள்ளே பார்த்துவிட்டுத் தேவையானால் தைப்பார்கள்.

இயன்முறை_சயாமா – செப்டம்பர் 21, இரவு 9.25

சரியான முடிவு. ஆபரேஷன் செய்ததும் முதல் வாரக் குறிக்கோள் ஒன்றே ஒன்றுதான், முட்டி நீள வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்து முட்டி சிவந்து சூடானாலோ இரவென்று பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மோல்மேன்_மாமா – செப்டம்பர் 28, காலை 5.50

இன்றைக்கு உங்களுக்காகக் கோயிலில் விளக்கு ஏற்றினேன் தம்பி.

சின்லோன்பையன் – ஜனவரி 17, இரவு 8.00

மூன்றரை மாதம் ஆகிறது. மெத்தையைத் தைக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாடியும் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்குகிறேன். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன், முதலாளி நல்லவர்.

ஒரு கேள்வி. அடிபட்ட அன்று இரவு அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டார், நான் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக. அப்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். எடுக்கலாமா?

இயன்முறை_சயாமா – ஜனவரி 17, இரவு 9.30

தம்பி, நடப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் காவடி எடுத்தால் ஆடாமல் இருக்க மாட்டீர்கள். மேளம் கேட்டால் கால் சும்மா இருக்காது, நானே பார்த்திருக்கிறேன். ஒற்றைக் காலில் சுற்றுவது, தோளில் பாரம், வெறுங்கால். உங்கள் ஜவ்வு போன அசைவு அதேதான்.

புதிதாக வைத்த ஜவ்வு வைத்த அன்றைக்குக் கயிறு போல இருக்கும். அப்புறம் உடம்பு அதைக் கரைத்து, புதிய ரத்தக் குழாய் விட்டு, மறுபடி கட்டுகிறது. இரண்டு, மூன்று மாதத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி குறைந்து தைரியம் வருகிற நேரமும் அதுதான். ஆறாம் மாதத்திலும் அந்த வேலை முடிந்திருக்காது. நார்வேயில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது பாதி பாதியாகக் குறைந்தது.

பால்குடம் எடுங்கள். நேராக நடந்து போய் வாருங்கள். காவடியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முருகன் எங்கும் போய்விட மாட்டார். அம்மாவிடம் பூசாரியைக் கேட்கச் சொல்லுங்கள்.

சின்லோன்பையன் – ஜனவரி 19, இரவு 7.40

அம்மா கேட்டுவிட்டார். பால்குடம் போதும் என்று பூசாரி சொல்லிவிட்டார். காவடியை இந்த வருடம் தம்பி எடுக்கிறான்.

சின்லோன்பையன் – ஜூன் 29, இரவு 9.15

ஒன்பது மாதம் முடிந்தது. இன்று அளவு பார்த்தார்கள். ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாண்டுவது: வலது 150 சென்டிமீட்டர், இடது 138. அது 92 சதவீதம், தேறிவிட்டேன். ஆனால் முன்தொடைத் தசையின் பலம் இடது பக்கம் 84 சதவீதம்தான் வந்தது. 90 வேண்டும். அதனால் வட்டத்துக்குள் இன்னும் அனுமதி இல்லை. மூட்டை தூக்க அரை மூட்டைவரை அனுமதி கிடைத்திருக்கிறது, 15 வீசை.

மாலையில் நண்பர்கள் ஆடினார்கள். ஓரமாக நின்று பந்து வெளியே வந்தால் கையால் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. ஒருவன் விரிசலில் கால் வைக்கப் போனான், கத்திவிட்டேன். ஆட்டத்தை நிறுத்தி எல்லோருமாகச் சேர்ந்து அந்த விரிசலைச் சிமெண்டு குழைத்து அடைத்துவிட்டோம்.

வீட்டில் நாற்காலி உயரத்தில் ஒற்றைக் காலால் உட்கார்ந்து எழுவது வலது பக்கம் 25 வருகிறது, இடது பக்கம் 20.

இயன்முறை_சயாமா – ஜூன் 29, இரவு 9.50

கடைசி ஐந்தாறு தடவையில் இடது முட்டி உள்பக்கம் சாய்கிறதா? நேர் முன்னாலிருந்து உங்கள் தம்பியை வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், முட்டி தெரிய வேண்டும்.